தண்ணீர் செய்த கொலை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, வெறும் தண்ணீர் கொலை செய்திருப்பதைச் சாரதாமணி கண்டுபிடித்தாள்.

செத்தவர்கள் ஒருவர் இருவரல்ல, கோடிக்கணக்கானவர்கள். அத்தனை பேரும் கட்டிங் மாஸ்டர் வெள்ளியங்கிரியின் கழுத்தில் வந்த கட்டியிலிருந்து புறப்பட்டவர்கள். முந்தின நாள் மாலைதான் கண்ணாடித் தட்டுகளில் குடியேறியிருந்தார்கள்.

சாரதாமணியின் முறை இதுதான். ஆட்டெலும்புச் சாற்றில் கடல்பாசியைப் போட்டுக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றினால் கூழ் உறைந்துவிடும். அதன்மேல் கட்டியின் சீழைத் தடவி, டீத்தூள் வந்த பழைய மரப்பெட்டியில் நாற்பது வாட் பல்பை எரியவிட்டு, அந்த டீப்பெட்டிக்குள் வைத்து மூடினால், மறுநாள் காலை கூழ் முழுவதும் பாலேடு படிந்ததுபோல் கிருமி வளர்ந்திருக்கும். தேனிலோ பச்சிலைச் சாற்றிலோ நனைத்த ஒரு சின்ன வட்டத் துண்டை நடுவில் வைத்திருந்தால், அந்த மருந்துக்குக் கிருமியைக் கொல்லத் தெரியுமா என்பதும் தெரிந்துவிடும். கொன்றிருந்தால் துண்டைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். பெரிய வளையம் என்றால் பலே மருந்து.

தேனுக்கு வளையம் விழுந்திருந்தது. குப்பைமேனிக்கும் விழுந்திருந்தது. தும்பை, நொச்சி, ஆடாதோடை, ஒன்றும் சோடை போகவில்லை. ஒரு வாரமாகவே இப்படித்தான் எதை வைத்தாலும் வெற்றி. அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆறாவது தட்டில் காய்ச்சி ஆறவைத்த கிணற்றுத் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே என்று கடைசி நேரத்தில் வைத்தது. அதைச் சுற்றியும் ஜம்மென்று ஒரு வளையம்.

சாரதாமணி அடிக்கோலை வைத்து அளந்தாள். பதினெட்டு மில்லிமீட்டர். தேனுக்கு அளந்தாள். அதற்கும் பதினெட்டு.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரும் தேனும் ஒரே மாதிரி கொல்கின்றன என்றால் தேன் எதையுமே கொல்லவில்லை என்று அர்த்தம். வேறு யாரோ கொன்றிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு இருந்தது இரண்டே நாள்.

இரண்டு நாள் கணக்கு அவள் அப்பா மருதாசலம் போட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் எல்லோரையும்போல் அவருக்கும் இடம் போதவில்லை. கம்பெனியின் பின்பக்கத்திலிருந்த பழைய நூல் அறையை, கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. முடித்து வந்த மகளுக்கு ஆசைக்காக விட்டுக்கொடுத்திருந்தார். அவளும் கல்லூரியில் விளிம்பு உடைந்ததென்று ஒதுக்கிய கண்ணாடித் தட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு பிரஷர் குக்கரையும் டீப்பெட்டியையும் வைத்து அதை ஆராய்ச்சிக்கூடம் ஆக்கியிருந்தாள். இப்போது லூதியானாவிலிருந்து புதுப் பின்னல் மெஷின் ஒன்று ரயிலேறி வந்து கூட்ஸ் ஷெட்டில் காத்திருந்தது. வியாழக்கிழமை வண்டியில் ஏற்றி வரப்போகிறார்கள். அதே வியாழக்கிழமைதான் அவளுடைய பழைய பேராசிரியர் கந்தவேல், அவள் எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு, நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

மருதாசலம் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"இதுல விஷயம் இருக்குதுன்னு அந்தப் புரொபசர் அவரு வாயால சொல்லட்டும் கண்ணு. ரூம் உனக்கு. இல்லீன்னா மெஷினுக்கு."

சாரதாமணி ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் கையில் பதினெட்டு மில்லிமீட்டர் வளையங்கள் ஒரு டஜன் இருந்தன. தண்ணீர் அப்போது அவள் நினைவிலேயே இல்லை.

விசாரணை ஏழரை மணிக்குத் தொடங்கியது. திங்கட்கிழமை மத்தியானம் அவள் இல்லாத நேரத்தில் அறைக்குள் போனது யார் என்று தையல் பெண்களிடம் விசாரித்ததில், பன்னிரண்டு பெண்களும் ஒரே ஆளைக் கை காட்டினார்கள். கட்டிங் மாஸ்டர் வெள்ளியங்கிரி.

கழுத்தில் பிளாஸ்திரியோடு வந்து நின்ற வெள்ளியங்கிரியின் முகம் வெளுத்திருந்தது. தட்டுகளை டெட்டால் போட்டுக் கழுவினாரா, எதையாவது தெளித்தாரா என்று அவள் கேட்பதற்குள்ளேயே அவர் உடைந்துபோனார்.

"ஒத்துக்கறனுங்க அம்மிணி. நாந்தானுங்க. ஒரு மாசமா நடக்குதுங்க."

சாரதாமணி என்ன நடக்கிறது என்று கேட்டாள்.

"அந்தக் கூழுங்க. நாட்டுச்சர்க்கரை போட்டா நல்லாத்தான் இருக்குதுங்க. ஆட்டெலும்பு வாசம்தான் கொஞ்சம் தூக்கல்."

தட்டிலிருந்து எடுத்தாரா, சட்டியிலிருந்தா என்று அவள் பதறிக்கொண்டு கேட்டாள். வெள்ளியங்கிரி நிஜமாகவே புண்பட்டுவிட்டார்.

"சட்டியில இருந்துதானுங்க. தட்டுல இருக்கறது என்ற கட்டியாச்சுங்களே, அதை எப்படிங்க திங்கறது?"

ஒரு குற்றம் துலங்கியது. ஆனால் அது வேறு குற்றம். கடல்பாசி ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பது விளங்கியதே தவிர, தண்ணீர் ஏன் கொல்கிறது என்பது விளங்கவில்லை.

அடுத்த சந்தேகம் கிணற்றின்மேல் விழுந்தது. அவள் வீட்டுக் கிணறு, தெருக்குழாய், ரயில்வே ஸ்டேஷன் பானை என்று மூன்று இடத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து வரிசையாக வைத்தாள். மூன்றையும் மறுநாளைக்குச் சோதிக்கலாம் என்று தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது சந்தேகம் தானாகவே தாராபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தது.

நாச்சிமுத்து அவிநாசிபாளையத்தில் தேனீப்பெட்டிகள் வைத்திருந்தார். சாரதாமணிக்குத் தேன் கொடுப்பது அவர்தான். வெல்லப்பாகு கலக்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைத் தீர்த்துக்கட்டவே அவர் இந்த ஆராய்ச்சிக்கு ஓசியில் தேன் தந்துகொண்டிருந்தார். அவளும் மறைக்காமல் இரண்டு தட்டுகளையும் காட்டினாள்.

நாச்சிமுத்து தேன் தட்டைப் பார்த்தார். தண்ணீர்த் தட்டைப் பார்த்தார். மறுபடி தேன் தட்டைப் பார்த்தார். பிறகு மேசைமேலிருந்த தண்ணீர்ப் பாட்டில்களில் ஒன்றைத் திறந்து ஒரு மடக்கு குடித்து, வாய்க்குள் உருட்டிப் பார்த்தார்.

"தண்ணியாட்டத்தான் இருக்குதுங்க," என்றார்.

தன் தேனை வெறும் தண்ணீரோடு ஒரே வரிசையில் உட்காரவைத்துவிட்டதாக அவருக்கு ஆத்திரம். தேன்மீது குற்றம் சொல்ல முடியாது, நனைத்த துணிமீதுதான் குற்றம் என்று வாதாடினார். பனியன் துணி வேர்வையை உறிஞ்சுவதற்கென்றே பின்னப்பட்டது. தேனை அது குடித்துவிட்டால் கிருமிக்கு என்ன மிஞ்சும்?

"துணியை எடுத்துப்போட்டுட்டு நேரா ஊத்திப் பாருங்க அம்மிணி. அப்பத் தெரியும் நம்ம தேனு யாருன்னு."

சாரதாமணியின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

துணி.

முதலில் அவள் உபயோகித்தது கல்லூரியிலிருந்து கொண்டுவந்த வடிதாளைத்தான். அது தீர்ந்ததும், பணியிடத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்த வெட்டுத் துணியை எடுத்து, கணக்குப்பிள்ளையின் பைல் துளைக்கும் மெஷினில் கொடுத்து வட்டம் வட்டமாகத் துளைத்துக்கொண்டாள். எவ்வளவு சிக்கனம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். வடிதாளைக் குக்கரில் வைத்து ஆவியில் வேகவைப்பது வழக்கம். துணியை அப்படி வைத்தபோது நூல் பிரிந்துவிட்டது. அதனால் அந்த வேலையை விட்டுவிட்டாள். ப்ளீச் பட்டறையிலிருந்து பளிச்சென்று வெளுத்து வந்த துணியில் எந்தக் கிருமி உயிரோடிருக்கப்போகிறது என்று நினைத்தாள். பிறந்தது முதல் வெள்ளைத் துணி மலைகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு, வெள்ளை என்றால் சுத்தம். அதற்குமேல் ஒரு கேள்வி தோன்றவே இல்லை.

அன்று மாலை மூன்றே மூன்று தட்டுகள் டீப்பெட்டிக்குள் போயின. ஒன்றில் துணி இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர். இரண்டாவதில் துணி இல்லாமல் ஒரு சொட்டுத் தேன். மூன்றாவதில் எதிலும் நனைக்காத வெறும் துணி.

புதன்கிழமை காலை பெட்டியைத் திறந்தாள். தண்ணீர்ச் சொட்டு விழுந்த இடத்தில் கிருமிகள் சுகமாக இருந்தன. தேனைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம். வெறும் துணியைச் சுற்றி இருபது மில்லிமீட்டர்.

கொலையாளி அகப்பட்டது. ஆனால் ஆயுதம் எது?

அதற்கும் அவள் படித்த படிப்பில் வழி இருந்தது. அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் சோற்றுக் கஞ்சி கொண்டுவந்து, அதில் ஒரு சிட்டிகை அயோடைடு உப்பைக் கரைத்தாள். ப்ளீச்சிங் பவுடர் எங்கே மிச்சமிருந்தாலும் இந்தக் கஞ்சி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு துணி வட்டத்தை உள்ளே போட்டாள். எண்ணி ஐந்து நொடி. கஞ்சி நாவல்பழ நிறத்துக்கு மாறியது.

நொய்யல் கரையிலிருந்த ப்ளீச் பட்டறைக்கு அவள் சைக்கிள் ரிக்‌ஷாவில் போய் இறங்கியபோது, பட்டறைக்காரர் மயில்சாமி கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று துணி பிழிந்துகொண்டிருந்தார். அவரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி. ப்ளீச்சிங் தொட்டியிலிருந்து எடுத்த துணியை எத்தனை தண்ணீரில் அலசுகிறீர்கள்?

மூன்று என்றார். எப்போதும் மூன்று. அவர் அப்பன் காலத்திலிருந்தே மூன்று.

கம்பெனியிலிருந்து கடைசியாக வந்த துணி லாட்டுக்கும் மூன்றா என்று கேட்டாள். மயில்சாமி துணியைப் பிழிவதை நிறுத்தினார். ஆற்றைப் பார்த்தார். சித்திரை வெயிலில் அது ஓடை மாதிரி ஒடுங்கிக் கிடந்தது.

"தண்ணி பத்தலீங்க அம்மிணி. கல்கத்தா ஆர்டர் அவசரம்னாங்க. ஒண்ணு போதும்னுட்டாங்க."

யார் சொன்னது என்று கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. அந்த மாதிரி உத்தரவை ஊரிலிருக்கிற எல்லோரும் தனக்குப் போட்டுவிட முடியுமா என்று மட்டும் திருப்பிக் கேட்டார்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது சாரதாமணி கொலையாளியின் அங்க அடையாளங்களை மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். வயது ஐம்பத்திரண்டு. நெற்றியில் திருநீறு. முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. தினமும் ராத்திரி அவளோடு உட்கார்ந்து சோறு தின்கிற ஆள்.

அன்று மத்தியானம் வெள்ளியங்கிரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். தண்ணீர் சேராத ஞாயிற்றுக்கிழமைத் தட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. வளையங்கள் ஒவ்வொன்றும் காலணா அகலம். பேராசிரியர் அதைப் பார்ப்பார், அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார், ரூம் அவளுக்கு. தண்ணீர்த் தட்டு ஒன்றைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் முடிந்தது. மொதலாளியின் மானமும் விருந்தாளி முன்னால் போகாது. கழுவுகிற வேலையைத் தானே செய்வதாகவும் சொன்னார்.

சாரதாமணி அரை மணி நேரம் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளியங்கிரி சொன்னதில் ஒரு ஓட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தட்டுகளை வரிசையாக அடுக்கிவைத்திருந்ததே அப்பாதான். பேராசிரியர் கண்ணில் முதலில் படட்டும் என்று மேசையின் முன்பக்கமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவள் தட்டைக் கழுவவில்லை. எழுந்துபோய்க் கணக்குப்பிள்ளையிடம் மை ஒற்றும் தாள் நான்கு வாங்கினாள். துளைத்தாள், குக்கரில் வேகவைத்தாள், காயவைத்தாள். தேன், பச்சிலைகள், தண்ணீர், எல்லாவற்றையும் முதலிலிருந்து வைத்தாள்; தேனும் குப்பைமேனியும் கலந்து புதிதாக ஒன்றும் வைத்தாள். நாளைக் காலையில் என்ன வருகிறதோ அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை வந்தது இது: தும்பை, ஒன்றுமில்லை. நொச்சி, ஒன்றுமில்லை. ஆடாதோடை, ஒன்றுமில்லை. தண்ணீர், ஒன்றுமில்லை. குப்பைமேனி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஏதோ இருக்கிற மாதிரி. தேன், நான்கு மில்லிமீட்டர். தேனும் குப்பைமேனியும் கலந்தது, ஆறு.

பதினெட்டுகளை வைத்து ஆண்டவளுக்கு இது பெரிய இறக்கம்.

பத்து மணிக்குப் பேராசிரியர் கந்தவேல் வந்தார். குடையை மடக்கிக் கதவோரம் சாத்துவதற்குள் வாசலில் மாட்டு வண்டியும் வந்து நின்றது. வண்டியில் சாக்குப் போர்த்திய மெஷின். ஆறு சுமைக்காரர்கள். மருதாசலம் இரண்டு விருந்தாளிகளையும் ஒரே நேரத்தில் வரவேற்க வேண்டியிருந்தது. சுமைக்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பேராசிரியரோடு அறைக்குள் வந்தார். நாச்சிமுத்துவும் பின்னாலேயே நுழைந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

பேராசிரியர் நேராக முன்வரிசைத் தட்டுகளிடம் போனார். ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நாலாவது தட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சாரதாமணி, இதுல விஷயம் இருக்கும்மா," என்றார்.

மருதாசலம் மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தோற்றதில் அவருக்கு வருத்தமே இருந்த மாதிரி தெரியவில்லை. வெளியே திரும்பி, மெஷினுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்ல வாயைத் திறந்தார். ஒரே ஒரு நிமிஷம் அவள் பேசாமல் இருந்தால் போதும்.

"சார், இன்னும் ஒரு தட்டு இருக்குங்க," என்றாள் சாரதாமணி.

தண்ணீர்த் தட்டை அவர் கையில் கொடுத்தாள். அது என்ன என்று சொன்னாள். பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். துணியை, கஞ்சியை, நாவல்பழ நிறத்தை. பட்டறையில் ஒரே ஒரு தண்ணீரில் அலசியிருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். உத்தரவு போட்டது யார் என்ற இடத்துக்கு வந்தபோது மேசையைப் பார்த்தாள்.

மருதாசலம் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"நாந்தானுங்க சொன்னது," என்றார் மருதாசலம். மகளிடம் சொல்லவில்லை, பேராசிரியரிடம் சொன்னார். "ஆத்துல தண்ணி இல்லீங்க. ஒரு லாட்டுக்கு மட்டும்னு நெனைச்சேன்."

பேராசிரியர் முன்வரிசைத் தட்டுகள் அத்தனையையும் ஓரமாக நகர்த்தினார். அவையெல்லாம் இனி வெறும் ப்ளீச்சிங் பவுடர்தான் என்றார். பிறகு மை ஒற்றும் தாள் வைத்த தட்டுகளைக் கேட்டு வாங்கி, முதலில் தண்ணீரைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தேனைப் பார்த்தார். நான்கு மில்லிமீட்டரையும் ஆறு மில்லிமீட்டரையும் தானே ஒருமுறை அளந்து, சட்டைப்பையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். நாச்சிமுத்து அந்த நாலைத் தன் பாட்டில்மேல் அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது என்றார் பேராசிரியர். வெல்லப்பாகில்லை என்றாவது சொல்லலாமா என்று கேட்டார். வெல்லப்பாகையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றதும் நாச்சிமுத்துவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மருதாசலத்துக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். விஷயம் இருக்கிறதா, இல்லையா?

"இது நிஜமான நாலு. மருந்தாகுமான்னு இன்னும் பல வருஷம் பார்த்தாத்தான் சொல்ல முடியும்," என்றார் பேராசிரியர்.

வியாபாரிக்கு அந்தப் பதில் போதவில்லை. வருஷக்கணக்கில் ஒரு அறையை நாலு மில்லிமீட்டருக்கு விட்டுவைக்க முடியாது. வாசலில் சுமைக்காரர்களில் மூத்தவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, மெஷினை எங்கே இறக்குவது என்று இரண்டாவது முறையாகக் கேட்டார். மருதாசலம் மேசைமேலிருந்த கஞ்சி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலசாத துணி என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டார். நூல் இற்றுப்போகும் என்றாள் சாரதாமணி. போட்டு நாலு முறை துவைப்பதற்குள் சல்லடையாகிவிடும். அந்த லாட்டில் பாதி கல்கத்தாவுக்குப் போய்விட்டது. மீதிப் பாதி கிடங்கில் கட்டுக்கட்டாக இருந்தது.

"அதுல எந்தக் கட்டு நல்லாருக்குது, எது மறுபடி அலசோணும்னு இந்தக் கஞ்சியை வெச்சுச் சொல்ல முடியுமா கண்ணு?"

"சொல்லலாங்கப்பா. ஒரு கட்டுக்கு அஞ்சு நொடி."

"இனி வர்ற லாட்டுக்கும்?"

"அதுக்கும் சொல்லலாங்கப்பா. ரூம் இருந்தா."

பேராசிரியர் குடையின் பிடியை ஆராயத் தொடங்கினார்.

மருதாசலம் நாலு சுவரையும் பார்த்தார். டீப்பெட்டியைப் பார்த்தார். ஊரிலுள்ள பனியன் கம்பெனிக்காரர்கள் யாரும் தன் மகளிடம் இப்படி மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கத்தரிக்கோலோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரியைத் திரும்பிப் பார்த்து, வேலையைப் பார்க்கச் சொன்னார். பிறகு வாசலுக்குப் போய்ச் சுமைக்காரர்களிடம், ஆபீஸ் ரூமிலிருக்கிற மேசை நாற்காலியைத் தூக்கி வெளி நடையில் போட்டுவிட்டு மெஷினை அங்கே இறக்கச் சொன்னார். அது யாருடைய ரூம் என்று ஒருவர் கேட்டார். "என்ற ரூம்தான்," என்றார்.

ஆபீஸ் மேசை வாசற்படியில் இடித்து, சாய்ந்து, ஒரு வழியாக வெளியே வந்தது. நூல் அறைக் கதவுக்கு நேர் எதிரே அதற்கு இடம் கிடைத்தது. மருதாசலம் உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து டீப்பெட்டியும் அதனுள்ளே எரியும் பல்பும் தெரிந்தன. அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அதுக எந்திரிச்சு வெளிய வருமா கண்ணு?"

கதவைச் சாத்திவிட்டால் வராது என்றாள் சாரதாமணி.

மருதாசலம் எழுந்து வந்து, வெளியிலிருந்து கதவைத் தானே சாத்தினார்.